கிளாம்ப் மீட்டர் வாங்கும் முன்

கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விப் பிடித்து கரன்ட் அளக்கும் கருவி) வாங்கும்போது, முதலில் ட்ரூ ஆர்எம்எஸ் (அலை சைன் வடிவில் இல்லாவிட்டாலும் சரியாக அளக்கும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். விஎஃப்டிக்கு (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போகும் லைனில் கரன்ட் சுத்தமான சைன் அலையாக இருக்காது. சாதாரண மீட்டர் அங்கே குறைத்துக் காட்டும். அப்படி ஒரு ரீடிங்கை நம்பி, ட்ரிப் ஆகிக்கொண்டிருந்த எம்சிபிதான் (கரன்ட் அதிகமானால் தானே அணையும் பிரேக்கர்) பழுது என்று மாற்றினேன். புதியதும் ட்ரிப் ஆனது. ஒரு நாள் முழுக்க அலைந்த பிறகுதான் மீட்டர் மேலேயே சந்தேகம் வந்தது.

அப்புறம் இன்ரஷ் வசதி, அதாவது ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் பாயும் கரன்ட்டைப் பிடித்துக் காட்டும் வசதி. நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், முழுச்சுமை கரன்ட்டைப் போல 5 முதல் 8 மடங்கு வரை இழுக்கும். சாதாரண ரீடிங்கில் அது சரியாகச் சிக்காது. டிசி ஆம்பியரும் பார்க்க வேண்டுமென்றால் ஹால் சென்சார் (காந்தப்புலத்தை உணரும் சென்சார்) உள்ளதாக வாங்குங்கள்.

பேனலில் கை வைப்பவர்கள் கேட் 3, 600 வோல்ட் (மீட்டரில் எழுதியிருக்கும் பாதுகாப்புத் தரம்) என்பதற்குக் குறைந்த மீட்டரைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இதில் மட்டும் காசு மிச்சம் பார்க்க வேண்டாம்.