எங்கள் ஆசிரியர்களின் பெயர் செய்தியில் வரும்போது

பல்கலைக்கழகத்தின் செய்திமடல் வந்தால் நான் முதலில் தேடுவது ஆசிரியர்களும் ஊழியர்களும் அண்மையில் சாதித்தவை வரும் பக்கத்தைத்தான். இன்னார் பேராசிரியராகப் பதவி உயர்ந்தார், இன்னாரின் கட்டுரை வெளியானது, இன்னாருக்கு ஆய்வு நிதி கிடைத்தது, எல்லாம் ஒவ்வொரு வரி. எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டால் கொஞ்சப் பேர் கைதட்டும் படம் போடுவார்கள், அப்புறம் வேறு கதை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று மாணவர்களாக இருந்த எங்களுக்குத் தெரியும், அந்த வேலை நடந்த காலத்தில் நாங்கள் பக்கத்தில்தானே இருந்தோம்.

எங்களுக்கு இரசாயனம் கற்பித்த சேர் ஒருவரை நினைக்கிறேன். பகல் முழுக்க விரிவுரை, செய்முறை வகுப்பு, பிறகு எங்கள் விடைத்தாள்கள். அவருடைய சொந்த ஆய்வுக்கு மிஞ்சியது இரவும் விடுமுறையும்தான். ஒருநாள் கையெழுத்து வாங்க அவருடைய அறைக்குப் போனபோது, ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரை மதிப்பாய்வாளர் இருவரின் குறிப்புகளோடு திரும்பி வந்து மேசையில் கிடந்தது. ஒருவருக்குத் திருப்தி, மற்றவர் பரிசோதனையில் ஒரு பகுதியைத் திரும்பச் செய்யச் சொல்லியிருந்தார். "செய்யத்தான் வேணும், அவர் கேட்கிறது நியாயம்" என்று சொல்லிவிட்டு எங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டுரை அச்சில் வந்தபோது நாங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறிவிட்டோம். அவர் பேராசிரியரானது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து.

பதவியும் வேலையின் பெறுமதியும் சேர்ந்தே நடப்பதில்லை என்பதற்கு உலகம் அறிந்த உதாரணங்களே இருக்கின்றன. உயிர்இரசாயனவியலாளர் கத்தலின் கரிக்கோ 1995 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டவர். புரதம் செய்யும் கட்டளையைக் கலத்துக்குள் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறு பற்றிய ஆய்வை அவர் விடவில்லை, ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து 2005 இல் எழுதிய கட்டுரையும் அப்போது பெரிய பரபரப்பை உண்டாக்கவில்லை, கொவிட் தடுப்பூசிகள் அந்த அடித்தளத்தில் எழுந்த பிறகு 2023 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டொனா ஸ்ட்ரிக்லண்ட் 2018 இல் இயற்பியல் நோபல் பெற்றபோது வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர். பேராசிரியர் பதவிக்கு அவர் விண்ணப்பித்திருக்கவே இல்லை. ஆகவே பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராத ஆசிரியரை ஒன்றும் செய்யாதவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஒருவருடைய ஆய்வுக்கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் எச் குறியீடு பற்றியும் ஒரு வார்த்தை. 2005 இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது: 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு 20. ஒரே துறைக்குள் ஓரளவு பயன்படும். மருத்துவத்தில் ஒரு கட்டுரைக்குப் பலர் சேர்ந்து எழுதுவார்கள், மேற்கோளும் விரைவாகக் குவியும், கணிதத்தில் அப்படியில்லை. தமிழில் நல்ல ஆய்வு நூல் எழுதிய விரிவுரையாளரை இந்த எண்ணை வைத்து அளக்கவே முடியாது, அவரையும் நாம் அதே உற்சாகத்தோடு வாழ்த்த வேண்டும்.

ஆனால் எனக்கு மனம் நிறையாதது ஊழியர் பகுதியில்தான். தலைப்பில் ஊழியர் என்று இருக்கும், உள்ளே தேடினால் ஒருவர் இருவர். எங்கள் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த அண்ணை, நாங்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவியைப் போட்டுவிடுவார், விளக்கு சூடாகி நிலைப்பதற்கு முன் எடுக்கும் அளவு ஆடிக்கொண்டே இருக்கும் என்பதற்காக. எந்தக் கண்ணாடிக் குவளையில் கீறல் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறையில் பிறந்த எத்தனையோ கட்டுரைகளின் அளவுகள் அவர் கைபட்டு வந்தவை, அவருடைய பெயரோ, வந்தால், கடைசியில் நன்றி சொல்லும் வரியில்.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளராக இருந்த விவியன் தோமஸின் கதையும் இதே வகை. 1944 இல் குழந்தைகளின் உடல் நீலமாகிப் போகும் இதயக் கோளாறுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் அல்பிரட் பிளலொக் செய்த அந்த முதல் சத்திரசிகிச்சையை ஆய்வுகூடத்தில் செய்து பார்த்துப் பக்குவப்படுத்தியவர் தோமஸ், மருத்துவப் பட்டமே இல்லாதவர், சிகிச்சை நடந்தபோது பிளலொக்கின் பின்னால் நின்று வழிசொன்னார். பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் கொடுத்தது 1976 இல். 32 ஆண்டு தாமதம்! இன்று பல ஆய்விதழ்கள் யார் எதைச் செய்தார் என்று 14 வகைப் பங்களிப்பாகப் பிரித்துக் கேட்கின்றன, தரவைப் பராமரித்தது, மென்பொருள் எழுதியது, அளவீடு எடுத்தது எல்லாம் அதில் அடங்கும். எங்கள் பல்கலைக்கழகமும் செய்தி எழுதும்போது இந்தப் பிரிவுகளைப் பார்த்தால் அண்ணை போன்றவர்கள் விடுபட மாட்டார்கள்.

சங்கத்தில் இருப்பவர்களிடம் நேரடியாகவே கேட்கிறேன். கற்பித்தவரின் பெயரைச் செய்தியில் கண்டால் கைதட்டும் படத்தோடு நிற்காமல் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், என்ன கண்டுபிடித்தார் என்று கேளுங்கள், தன் ஆய்வைப் பற்றிக் கேட்கிற ஆளை அவர்கள் எவ்வளவு விரும்புவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆய்வுத் துறையில் இருப்பவர்கள், எங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லாத கருவி உங்களிடம் இருந்தால் அவர்களின் மாதிரிகளை அளந்து கொடுக்க முடியுமா என்று உங்கள் நிறுவனத்தில் விசாரியுங்கள். சங்கத்தின் அடுத்த மலரில் ஆய்வுகூடம், நூலகம், பரீட்சைக் கிளை ஊழியர்களுக்கென்றே சில பக்கங்கள் ஒதுக்கும்படி மலரைத் தொகுக்கும் குழுவிடம் கேட்டிருக்கிறேன். யாருடைய பெயர் வர வேண்டும், அவர் என்ன செய்தார் என்று அவர்களுக்கு எழுதி அனுப்புங்கள், சம்மதத்தை அவரிடமே கேட்டுவிட்டு.