ஏழு பேரும் ஒரு பத்திரமும்: நாடகத்துக்குப் பாத்திரப் பட்டியல் போட்ட அனுபவம்

இதுவரை நான் எழுதியவை எல்லாம் அலுவலக ஆண்டு விழாவுக்கான கால் மணி நேரத் துணுக்கு நாடகங்கள். அவற்றுக்குப் பட்டியல் எல்லாம் தேவைப்பட்டதில்லை. யார் கையில் மைக் இருக்கிறதோ அவர்தான் பாத்திரம். இந்த முறை ஒன்றரை மணி நேரம், ஒரே களம், ஒரே பகல் என்று துணிந்து இறங்கியிருக்கிறேன். ஆண்டு 1996. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூர்; சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரின் கடை. உயில் எழுதாமல் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பூர்வீக வீடும் தென்னந்தோப்பும் மகன் பேருக்கு வர வேண்டும் என்பதற்காக, மகனுடன் பிறந்த இரண்டு பெண்கள், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்திருக்கிறார்கள். கதை அவ்வளவுதான். வசனம் ஒரு வரிகூட இன்னும் எழுதவில்லை. பட்டியலைப் போடுவதும் அடிப்பதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் பாதி நாடகம் அதற்குள்ளேயே கிடைத்துவிட்டது.

அச்சான நாடகங்களில் முதல் பக்கத்தில் பட்டியல் இருப்பதால், எழுதியவரும் அதையே முதலில் எழுதியிருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்து 1623-இல் வெளியிட்ட பெரிய பதிப்பில் 36 நாடகங்கள் இருக்கின்றன. பாத்திரப் பட்டியல் இருப்பது ஏழில் மட்டும். அதுவும் நாடகம் முடிந்த பிறகு, கடைசியில். எல்லா நாடகங்களுக்கும் பட்டியல் சேர்த்து அச்சிட்டவர் பின்னால் வந்த பதிப்பாசிரியர் நிக்கலஸ் ரோ, 1709-இல். வாசகருக்கான பட்டியல் வேறு, எழுதுகிறவன் மேசையில் வைத்துக்கொள்ளும் பட்டியல் வேறு என்பது இதைப் படித்ததும் தெளிவாகிவிட்டது. நான் போட்டது இரண்டாவது வகை. அது அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, எனக்கு உதவினால் போதும்.

நீளவாட்டில் மடித்த முழுத்தாளில் கட்டம் போட்டேன். பெயர், வயது, மணமான ஆண்டு, இன்று எதற்காக வந்திருக்கிறார், எது கிடைக்காமல் எழுந்து போக மாட்டார். குணம் என்று ஒரு கட்டம் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். 'முன்கோபி', 'நல்லவள்', 'சூது தெரியாதவர்' என்று எழுதி வைத்தால் பிறகு அந்தச் சொல்லுக்குத்தான் வசனம் எழுதத் தோன்றும். எது கிடைக்காமல் போக மாட்டார் என்பதை எழுதிவிட்டால் கோபமும் நயமும் வர வேண்டிய இடத்தில் தாமாக வரும்.

மணமான ஆண்டு என்ற கட்டத்தைச் சும்மா ஒரு விவரத்துக்காகத்தான் சேர்த்தேன். மூத்தவளுக்கு 1987, இளையவளுக்கு 1992 என்று போட்டுவிட்டு, விஷயம் தெரிந்த ஒரு நண்பரிடம் தாளைக் காட்டினேன். அவர் அந்த இரண்டு எண்களில் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அது பொருந்தாது. அப்படியானால் என் கதையில் பிறப்பால் பங்கு உள்ளவர்கள் அப்பா, மகன், இளைய மகள் ஆகிய மூவர்தான், ஆளுக்கு மூன்றில் ஒன்று. உயில் இல்லாததால், அப்பாவின் மூன்றில் ஒரு பங்கை அம்மாவும் மூன்று பிள்ளைகளுமாக நான்கு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இளையவளுக்குப் பன்னிரண்டில் ஐந்து, மூத்தவளுக்குப் பன்னிரண்டில் ஒன்று.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருத்தி விட்டுக்கொடுப்பது ஐந்து, இன்னொருத்தி விட்டுக்கொடுப்பது ஒன்று. மூத்தவளுக்கு இது அந்தக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரியவருகிறது என்றால்? பெரிய காட்சி ஒன்று கைக்கு வந்துவிட்டது. காலத்தையும் இந்தக் கட்டமே கட்டிப்போட்டது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் வந்து இந்த வேறுபாடு போய்விட்டதால், கதையை இன்றைய காலத்துக்கு நகர்த்தலாம் என்ற எண்ணத்தை மூட்டை கட்டிவிட்டேன்.

பெயர் வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மனத்துக்கு வந்தவை சந்திரா, சாந்தி, செல்வராஜ், சரவணன். பிரதியின் இடது ஓரத்தில் நான்கு 'ச' வரிசை நின்றால் ஒத்திகையில் ஒருவர் வரியை இன்னொருவர் படிப்பது நிச்சயம். கண்ணுக்கும் காதுக்கும் வேறுபட வேண்டும், பிறந்த ஆண்டுக்கும் பொருந்த வேண்டும். கடைசியில் மூத்தவள் மங்கையர்க்கரசி, வீட்டில் மங்கை. மகன் பாஸ்கரன். இளையவள் தமிழ்ச்செல்வி, அவள் கணவர் ஜெயபால். பாஸ்கரனின் மனைவி உமா. பத்திர எழுத்தர் ஐயாக்கண்ணு.

பெயருக்குப் பக்கத்தில் வரும் உறவைக் குறிப்பதில்தான் கொஞ்ச நாள் நின்றுபோனேன். மங்கையை 'பாஸ்கரனின் அக்கா' என்பதா, 'காலமானவரின் மூத்த மகள்' என்பதா? நார்வே நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சனின் 'ஹெட்டா கேப்லர்' நாடகத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாத்திரப் பட்டியலில் அவள் ஹெட்டா டெஸ்மன், இன்னாரின் மனைவி. நாடகத்தின் தலைப்பிலோ அப்பாவின் குடும்பப் பெயர். அவளைக் கணவனின் மனைவியாகப் பார்ப்பதைவிட அப்பாவின் மகளாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படித் தலைப்பு வைத்ததாக இப்சனே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். என் நாடகத்தில் பத்திரமும் அதே வேலையைச் செய்கிறது. பத்திரத்தில் மங்கை 'இன்னார் மனைவி' என்றுதான் எழுதப்படுவாள். ஆனால் அவள் அங்கே வந்து உட்கார்ந்திருப்பது இன்னார் மகள் என்பதால். அதனால் பட்டியலில் 'மூத்த மகள்' என்றே வைத்தேன். கணவர் பெயரை ஐயாக்கண்ணு கேட்கும்போது அவள் சொல்லிக்கொள்ளட்டும்.

அடுத்து இன்னொரு தாள். இதை யார் நாடகம் எழுதினாலும் செய்து பார்க்கச் சொல்வேன். இடப்பக்கம் வரிசையாகப் பெயர்கள், மேலே குறுக்காக அதே பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும், இவர் அவரை எப்படிக் கூப்பிடுவார்? நீயா, நீங்களா? பாஸ்கரனுக்கு மங்கை 'அக்கா', ஆனாலும் 'நீ'. ஜெயபாலுக்குப் பாஸ்கரன் 'மச்சான்', பாஸ்கரனுக்கு ஜெயபால் 'மாப்பிள்ளை', இரண்டு பக்கமும் 'நீங்கள்'. ஐயாக்கண்ணு அப்பாவின் காலத்து மனிதர் என்பதால் பாஸ்கரனைத் 'தம்பி' என்பார். பேச்சு முற்றும்போது அது 'சார்' ஆகிவிடும். கட்டங்கள் மளமளவென்று நிரம்பிக்கொண்டே வந்தன. இரண்டு மட்டும் நிரம்பவில்லை. தமிழ்ச்செல்வி உமாவை எப்படிக் கூப்பிடுவாள், உமா தமிழ்ச்செல்வியை எப்படிக் கூப்பிடுவாள்?

முறைக்கு உமா 'அண்ணி'. வயதிலோ தமிழ்ச்செல்வியைவிட ஓராண்டு இளையவள். தன்னைவிடச் சின்னவளை அண்ணி என்று கூப்பிட இவளுக்கு நா எழவில்லை. அந்த மரியாதை கிடைக்காத வீட்டில், நாத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கும் மனம் வரவில்லை. என்ன எழுதினாலும் பொய்யாகப் பட்டதால் இரண்டு கட்டங்களையும் வெறுமையாகவே விட்டேன். அதாவது, அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதே இல்லை. கடையில் இருப்பதோ ஒரே பெஞ்சு. தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்" என்று கணவரிடம் சொல்ல வேண்டும், அவர் திரும்பி மச்சானிடம் கேட்க வேண்டும், மச்சான் மனைவியைப் பார்க்க வேண்டும். இரண்டு அடி தூரத்தில் இருக்கும் சொம்பு நான்கு பேர் வாய் வழியாக வருகிறது. மேடையில் இது சிரிப்பைக் கொண்டுவரும். மூன்றாவது முறை வரும்போது சிரிப்பு வராது. யோசித்து உட்கார்ந்திருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது.

பிறகு நடைமுறை. எங்கள் குழுவில் நடிக்க வருபவர்கள் பெண்கள் மூவர், ஆண்கள் நால்வர். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் இந்தத் தலைவலி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று பார்ட்டுக்கு ஆள் பேசி முன்பணம் கொடுத்தால் போதும். நாடகம் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம், அன்று இரவு மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். என் ஆட்கள் ஒத்திகைக்கு வரவே வீட்டில் அனுமதி கேட்க வேண்டியவர்கள். ஆகவே அம்மாவின் பாத்திரத்துக்கு ஆள் இல்லை. நடக்க முடியாதவர் என்று சொல்லி அவரை வாசலில் நிற்கும் வேனிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஆள் பற்றாக்குறைக்காகச் செய்தது, இப்போது நாடகத்துக்கே தூணாகிவிட்டது. ஒவ்வொரு சிக்கலுக்கும் யாராவது ஒருவர் எழுந்து வேனுக்குப் போய்க் கேட்டு வருகிறார். அம்மா சொன்னதாக அவர் சொல்வது அம்மா சொன்னதுதானா என்று யாருக்கும் தெரியாது. டோக்கன் எண்ணைக் கூப்பிடும் அலுவலக உதவியாளரும் வெறும் குரலாகிவிட்டார். பட்டியலின் அடியில் 'மேடைக்கு வராதவர்கள்' என்று தனியாக ஒரு பகுதி: அப்பா, அம்மா, மங்கையின் கணவர், சார்பதிவாளர். மேடைக்கு மேல் இருக்கும் ஏழு பேரையும் ஆட்டிவைப்பது இந்த நான்கு பேர்தான்.

ஏழாவது ஆள் யார் என்று கேட்கலாம். சாட்சி. பத்திரம் எழுதிக் கொடுப்பவரை அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். ஊரிலிருந்து அழைத்துவர மறந்தவர்களுக்காகவே, சட்டைப்பையில் பேனாவோடு அந்த வாசலில் நிற்கும் மனிதர்கள் உண்டு. முதல் பட்டியலில் அவருக்கு ஒரு கையெழுத்தும் ஒரு தேநீரும்தான். பிறகுதான் பொறி தட்டியது. இவர்களைத் தெரியும் என்று கையெழுத்துப் போடப்போகிறவர், ஆனால் ஒருவரையும் தெரியாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் போய், நீங்கள் யார், இவருக்கு என்ன உறவு என்று கேட்டே தீர வேண்டும். தெருக்கூத்தில் வேடம் கட்டி வருகிறவரைக் கட்டியங்காரன் நிறுத்திப் பேரும் ஊரும் கேட்பானே, அதே வேலை. யார் யார் என்று பார்வையாளருக்கு எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு, என் பட்டியலையே மேடையில் உரக்கப் படிக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். அவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கவும் போவதில்லை. எல்லாரிடமும் பெயர் கேட்கிறவரிடம் யாரும் பெயர் கேட்பதில்லை.

கடைசியாகக் காட்சி வாரியாக ஒரு கட்டம் போட்டு, யார் எப்போது மேடையில் இருக்கிறார் என்று புள்ளி வைத்தேன். ஜெயபால் எல்லாக் காட்சிகளிலும் இருக்கிறார், இரண்டாவது காட்சியில் அவருக்கு வேலையே இல்லை. அவரை முத்திரைத்தாள் வாங்க அனுப்பியிருக்கிறேன். திரும்பி வரும்போது ஏதாவது ஒரு செய்தியோடு வர வேண்டும். என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.

பட்டியலைக் குழுவில் படித்துக் காட்டினேன். பெண்கள் மூவருக்கும் யார் எது என்பதில் சிக்கல் இல்லை. பாஸ்கரனாக நடிக்க நான் மனத்தில் வைத்திருந்த நண்பர் மட்டும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குச் சாட்சிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். ஐயாக்கண்ணுவுக்காகப் பார்த்து வைத்திருந்தவரும் அதையேதான் கேட்கிறார். பாஸ்கரனுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.