வெள்ளை லேப்டாப்பில் அழுக்கு எது, பழுப்பு எது

கை வைக்கும் இடம் சாம்பல் பூத்துவிட்டால் பலரும் முதலில் எடுப்பது மேஜிக் ஸ்பாஞ்ச். அதைக் கடைசிக்கு வையுங்கள். அந்த மெலமைன் நுரை அழுக்கைக் கரைப்பதில்லை, மிக நைசான உப்புத்தாள் மாதிரி சுரண்டி எடுக்கிறது. பளபளப்பான மூடியில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கிவிடும், போன மினுமினுப்பு திரும்பாது. அச்சடித்த எழுத்துள்ள கீகளில் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்தே போய்விடும்.

துடைக்கத் தொடங்கும் முன் லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டால் போதாது, ஷட்டவுன் செய்யுங்கள். சார்ஜரை உருவி, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். ஈரத்துணிக்கு முன் தூசு போக வேண்டும். இல்லையென்றால் அது சேறாகி கீகளின் இடுக்கில் இறங்கும். லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்து மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தூசு ஊத உதவும் அழுத்தக் காற்று கேனை நிமிர்த்தியே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு அடியுங்கள். கேன் சாய்ந்தால் காற்றுக்குப் பதில் திரவம் பீய்ச்சும்.

கை வைக்கும் இடத்துக் கறை பெரும்பாலும் வியர்வையும் தோல் எண்ணெயும் தூசும் சேர்ந்ததுதான். 200 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை. சோப்பு தங்கினால் அடுத்த அழுக்கு அதில்தான் ஒட்டும்.

பேனா மை, ஜீன்ஸ் சாயம் போன்றவை சோப்புக்கு மசியாது. அதற்கு 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். துணியில் மட்டும் ஊற்றுங்கள், லேப்டாப் மேல் ஸ்ப்ரே வேண்டாம். முதலில் அடிப்பக்க மூலையில் சோதித்துப் பாருங்கள். ரப்பர் பூச்சு இருந்தால் பிசுபிசுத்துவிடும். திரைக்கு ஆல்கஹால் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும், பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை வெளிறவைத்து விரிசல் விடச் செய்யும். அந்தப் பாட்டிலை மேஜை மேல்கூட வைக்காதீர்கள்.

கீகளின் பக்கவாட்டில் அழுக்கு கோடாகப் படியும். பல்குத்தும் குச்சியின் நுனியில் ஆல்கஹால் தொட்ட துணியைச் சுற்றி ஓட்டினால் வந்துவிடும். கீயை நெம்பிக் கழற்றும் ஆசை வரும். அடியிலுள்ள கத்தரி போன்ற கிளிப் சட்டென்று ஒடியும். ஸ்பேஸ் பாருக்குக் கீழே பெரும்பாலும் கம்பியும் இருக்கும், திரும்ப மாட்டுவது பெரும் அவஸ்தை.

இத்தனைக்கும் பிறகு ஆல்கஹால் துணி சுத்தமாகவே இருக்கிறது, ஆனால் லேப்டாப் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது என்றால், அது அழுக்கே இல்லை. வெளிச்சமும் சூடும் பட்டு பிளாஸ்டிக்கே நிறம் மாறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி புற ஊதா ஒளியில் வைக்கும் முறை தனியாகக் கழற்றிய பாகங்களுக்குத்தான். அதிலும் சில சமயம் திட்டுத்திட்டாக வெளுக்கும், மஞ்சள் மறுபடியும் வரலாம். ஓடுகிற லேப்டாப்பை அதற்காகப் பிரிப்பது என்னைக் கேட்டால் தேவையில்லாத வேலை.