மூன்று பெயரில் ஒரு படர்தாமரை

மாத்திரை சாப்பிட்டும் ஆறாத ஆட்டோ அண்ணன் ஒருவரின் படர்தாமரை எந்தப் பூஞ்சையால் வந்தது என்று டிஎன்ஏவை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் லேபில் என் வேலை. தோலைச் சுரண்டி எடுத்தது, அதிலிருந்த பூஞ்சையைக் கல்ச்சராக வளர்த்தது, டிஎன்ஏ பிரித்தது, பூஞ்சையை அடையாளம் காட்டும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை பிசிஆர் போட்டு நகலெடுத்துப் பெருக்கியது எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. வினை அப்புறம்தான் ஆரம்பித்தது.

சீக்வென்சிங், அதாவது டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்துத் தரும் கம்பெனி சென்னை ஓஎம்ஆரில். மே மாத வெயிலில் தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கிண்டியிலிருந்து பஸ்ஸில் போனேன். கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பிரைமர் தனி டியூப்ல எங்க? பர்ச்சேஸ் ஆர்டர்ல சீல் எங்க?" பிரைமர் என்பது டிஎன்ஏவைப் படிக்க ஆரம்பித்து வைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு. சீல் வேண்டாம், கையெழுத்து போதும் என்று முந்தின நாள் போனில் சொன்னவரும் அவரேதான். வீடு திரும்புவதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. பிசிஆர் சரக்கு அதற்கெல்லாம் கெட்டுவிடாது என்று தெரியாமல் இரவெல்லாம் புலம்பினேன்.

இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பீக் (முகடு) மட்டும் இருக்க வேண்டிய ரிசல்ட் வரைபடத்தில் ஒரு பீக் மேல் இன்னொரு பீக். என் கல்ச்சரில் வேறொரு பூஞ்சையும் ஒண்டிக்கொண்டிருந்திருக்கிறது. டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒற்றை பேண்ட் (கோடு) தெரிந்தால் ஒரே பூஞ்சை என்று நம்பிவிடாதீர்கள். நீளம் நெருக்கமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரே காலனியைத் தனியாக எடுத்து மறுபடி வளர்க்க இன்னும் இரண்டு வாரம் போயிற்று.

சுத்தமான வரிசை கிடைத்ததும், ஏற்கெனவே பதிவான வரிசைகளோடு ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்டில் போட்டேன். நூற்றுக்கு நூறு பொருத்தம், ஆனால் மூன்று பெயர்கள்: ட்ரைக்கோஃபைட்டன் இன்டர்டிஜிட்டேல், மென்டக்ரோஃபைட்டிஸ், இண்டோடினியே. முதலில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். லேபில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "அது எந்த வருஷம் போட்ட பதிவுன்னு பாத்தியா?" என்றார். இண்டோடினியே என்ற பெயரே 2020-இல்தான் வந்தது. இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை வைத்து ஜப்பானில் சூட்டினார்கள். அதற்கு முன் அது மென்டக்ரோஃபைட்டிஸின் எட்டாம் ஐடிஎஸ் வகை. பிளாஸ்ட் தேடும் ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ வரிசைக் களஞ்சியத்தில் பழைய பதிவுகள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. அதனால் பட்டியலின் உச்சியை விட்டுவிட்டு, ஒவ்வொரு இனத்துக்கும் பெயர் சூட்டியபோது ஆதாரமாக வைத்த மூல மாதிரியின் வரிசையோடு ஒப்பிட்டு, யார் யாருக்கு நெருக்கம் என்று காட்டும் மரம் வரையுங்கள். வரைந்தேன், என்னுடையது இண்டோடினியேவோடு போய் ஒட்டிக்கொண்டது.

ஆசை விடவில்லை. ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் ஜீனையும் படித்துப் பார்த்தோம். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெர்பினாஃபின் மருந்து தாக்குவது இந்த ஜீன் உண்டாக்கும் நொதியைத்தான். நொதியின் 397-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியது லூசினாக மாறியிருந்தது. மருந்து பிடிக்காமல் போனது இதனால்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆட்டோ அண்ணன் ஒரு வேளைகூட விட்டிருக்கவில்லை! டாக்டர் மருந்தை மாற்றினார். ஆனால் மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய, படர்தாமரையை மோசமாக்கும் ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் அண்ணன் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.