தேனீ குடல்ல நான் தேடிட்டிருந்த செல்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதல, காரணம் தேனீ, அதோட குடல்ல ஹார்மோன் விடற செல்லைத் தேடிட்டிருந்தேன். கிண்டில லேப், குரோம்பேட்டைல வீடு, நடுவுல எலக்ட்ரிக் ட்ரெய்ன்ல நின்னுகிட்டே கூட அதே நெனப்பு தான்.

தேனீயோட வயித்துக் கடைசி வளையத்தை ஃபோர்செப்ஸ்ல புடிச்சு மெதுவா இழுத்தா கொடுக்கோட சேர்ந்து குடல் மொத்தமும் வெளிய வந்துடும், அதுல வரி வரியா பழுப்பா இருக்கறது தான் நடுக்குடல். அதோட சுவர்ல செல் ஒரே வரிசை தான். முக்காவாசி செரிமான செல்லுங்க, நெட்டையா, தலையில பிரஷ் வெச்ச மாதிரி மைக்ரோவில்லைங்கற நுண்ணிய நீட்சிங்க. அடியில கொத்து கொத்தா புது செல் உண்டாக்கற சின்ன செல்லுங்க. இதுங்களுக்கு நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணா ஹார்மோன் செல். சுரப்பின்னு தனியா ஒரு இடமே கிடையாது, கூட்டத்துல கலந்து நிக்குது. சாதா மைக்ராஸ்கோப்ல வெளிறிப்போய் தெரியும், அடியில இருக்கற சின்ன செல்லுன்னே நானும் ரொம்ப நாள் நெனச்சுட்டேன்.

முதல் பேட்ச் வீணா போச்சு. குடலை எடுத்ததும் குளூட்டரால்டிஹைடுல, அதாவது செல் கெடாம அப்படியே நிறுத்தி வெக்கற மருந்துல, போடாம கொஞ்ச நேரம் விட்டுட்டேன், அதுக்குள்ள அதோட செரிமான நீரே சுவரை அரிச்சிடுச்சு. அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு.

ரெண்டாவது தடவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தேன் பாருங்க, செல்லோட காலடியில கறுப்பு கறுப்பா உருண்டைங்க, அடைச்சு வெச்ச மாதிரி! ஹார்மோன் பொட்டலம் அது தான். ஏன் அடியில? செரிமான செல் என்சைமை மேல, சாப்பாடு இருக்கற பக்கம் விடும், இது கீழ விடும், கீழ மெல்லிசா ஒரு சவ்வு, அதைத் தாண்டினா தேனீயோட ரத்தம், அது குழாய்க்குள்ள அடைபடாம உறுப்புகளைச் சுத்தியே நிக்கறது. சில செல்லுக்கு ஒடுக்கமா ஒரு கழுத்து உண்டு, அது மேல வரைக்கும் போய் குடலுக்குள்ள எட்டிப் பாக்கும், அப்படி இருக்கறதை திறந்த வகைன்னு சொல்வாங்க, எட்டாதது மூடிய வகை. எனக்கு அந்த கழுத்து தான் ரொம்ப புடிச்சது, சாப்பாட்டை ருசி பாத்துட்டு உடம்புக்கு சேதி சொல்ற அமைப்பு மாதிரியே இருக்கு. பிரேசில்ல கொடுக்கில்லாத தேனீயோட நடுக்குடல்ல இந்த மாதிரி செல்லுங்களுக்குள்ள எஃப்எம்ஆர்எஃப்அமைடு வகை பெப்டைடு, அதாவது சேதி சொல்ற சின்ன புரதத் துண்டு, இருக்கறதைக் காட்டியிருக்காங்க.

படத்தை அம்மாகிட்ட காட்டினேன். "ஏண்டி, இத்தனூண்டு பூச்சிக்கு வயித்துல ஹார்மோனா?"ன்னாங்க. அம்மா சுகருக்கு தினம் போடற வில்டாக்ளிப்டின் மாத்திரை அட்டையை எடுத்து கையில குடுத்தேன். நம்ம குடல்லயும் இதே மாதிரி தனித்தனியா நிக்கற செல் இருக்கும்மா, உருண்டை எல்லாம் அடியில தான், நீ சாப்பிட்டதும் அதுல சிலது ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன் விடும், அது இன்சுலினை சுரக்க வைக்கும், ஆனா சீக்கிரம் சிதைஞ்சிடும், சிதையாம காப்பாத்தறது தான் இந்த மாத்திரைன்னு சொன்னேன். அம்மா அட்டையைப் பாத்தாங்க, படத்தைப் பாத்தாங்க, திரும்ப அட்டையைப் பாத்தாங்க.

"அந்த கறுப்பு உருண்டையை இன்னொரு தடவை காட்டு"ன்னாங்க. லேப்டாப்பைத் திருப்பி வெச்சேன்.