ஜிஆர்இ வெர்பல்: எனக்கு நானே சங்கு ஊதிக்கிட்ட கதை

வெளிநாட்டுல மேல்படிப்புக்குக் கேக்குற ஜிஆர்இ பரீட்சையை போன வாரம்தான் ரெண்டாவது தடவை எழுதி முடிச்சேன், அதுல இங்கிலீஷ் பகுதியான வெர்பல்ல 155. பெரிய ஸ்கோர் இல்லதான், 165 வாங்கினவங்க சிரிச்சுட்டுப் போங்க, ஆனா மொத தடவை நான் வாங்கினது 143. முடிச்ச உடனே ஸ்க்ரீன்லயே நம்பர் வந்துடும்ல, அதைப் பார்த்துட்டு லாக்கர்ல வச்ச பையைக்கூட எடுக்காம ரோட்டுக்கு வந்துட்டேன், செக்யூரிட்டி அண்ணன்தான் கூப்பிட்டுக் கொடுத்தாரு. இருபதாயிரத்துக்கு மேல ஃபீஸ், என் ஒன்றரை மாச வாடகை அது. மேத்ஸ் பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, எஸ்ஸேயும் ஓடிடுச்சு. என்னைக் கொன்னது வார்த்தைங்கதான்.

பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், விருதுநகர் பக்கம். காலேஜ்ல இங்கிலீஷ் சமாளிச்சுட்டேன், வேலைல மெயில் அடிக்கவும் வந்துடுச்சு, ஆனா ஜிஆர்இ கேக்குற இங்கிலீஷ் யாரும் பேசுற இங்கிலீஷே இல்ல. சரின்னு வீக்கெண்ட் கோச்சிங் ஒண்ணுல சேர்ந்தேன், பேர் வேணாம். மொத நாளே மூணு கிலோ இருக்கும் ஒரு ஜெராக்ஸ் கட்டு, ஏ-ல இருந்து இசட் வரைக்கும் வார்த்தை, பக்கத்துல ஒரு வரி அர்த்தம். பின்னாடி பூரா எதிர்ச்சொல் கண்டுபிடி, அனாலஜி (இந்த ஜோடி வார்த்தை மாதிரியே உறவு இருக்கற இன்னொரு ஜோடி எது) போடுன்னு பயிற்சி. அந்த ரெண்டு டைப் கேள்வியையும் 2011லயே எடுத்துட்டாங்கன்னு எனக்கு மூணு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுச்சு. சார்கிட்ட கேட்டா, "வொக்காப் வொக்காப்தானம்மா, மனப்பாடம் பண்ணு"ங்கறாரு. அந்த மூணு வாரம் போனது போனதுதான். நீங்க சேரப்போற இடத்துல மெட்டீரியல் கொடுத்தா மொதல்ல எதிர்ச்சொல் பயிற்சி இருக்கான்னு பாருங்க, இருந்தா அது பழைய கட்டு, எடைக்குப் போடலாம்.

மனப்பாடம் எனக்குப் புதுசு இல்ல, செய்யுள் எல்லாம் கடகடன்னு ஒப்பிச்ச ஆள்தான் நான். ஆனா செய்யுளுக்கு எதுகை மோனை இருக்கு, ஒரு அடி அடுத்த அடியை இழுத்துட்டு வரும். இந்த லிஸ்ட்ல அபேட்டுக்கும் அபெயன்ஸுக்கும் நடுவுல என்ன உறவு இருக்கு சொல்லுங்க. காலைல படிச்சது சாயங்காலம் காலி. அப்புறம்தான் நெமோனிக், அதாவது சத்தத்தை வச்சு ஞாபகம் வச்சுக்கிறதுன்னு ஒண்ணு இருக்குன்னு ஹாஸ்டல் ரூம்மேட் சொன்னா. நெட்ல தேடினா கிடைக்கறதுல பாதி ஹிந்தில இருக்கு! கூடோஸுக்கு "கூதோ"ன்னு போட்டிருக்கான், ஹிந்தில குதின்னு அர்த்தமாம், பாராட்டு கிடைச்சா குதிப்போமாம். மொதல்ல ஹிந்தி படிச்சு அதுல இருந்து இங்கிலீஷுக்குப் போறதுக்கு நமக்குத்தான் "குதி"ன்னே இருக்கே, எதுக்கு டெல்லி வழியா சுத்திக்கிட்டுன்னு அன்னைக்கு ராத்திரியே நோட்டை எடுத்து நானே தமிழ்ல போட ஆரம்பிச்சேன்.

அது நல்லாவே போச்சு. லக்கானிக்னா சுருக்கமா பேசுறது, வாய்க்கு லகான் போட்டவன். அபேட்னா குறையறது, பர்ஸ்ல இருந்து அபேஸ் பண்ணா குறையும்ல. பார்சிமோனியஸ்னா கஞ்சத்தனம், பர்ஸ்ல மணி இருக்கும் ஆனா வெளிய வராது. பக்னேஷியஸ்னா சண்டைக்கு அலையறவன், பகை-னேஷியஸ். டேசிடர்ன்னா வாயைத் திறக்காத ஆள், ஸ்பெல்லிங்கைப் பார்த்தா எனக்கு தாசில்தார்னு தெரிஞ்சுச்சு, வருமானச் சான்றிதழுக்கு அலைஞ்சவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம். ஒரு நாளைக்கு நாப்பது வார்த்தை, ரயில்ல தாம்பரத்துல ஏறி எக்மோர்ல இறங்கறதுக்குள்ள இருபது முடிச்சிடுவேன். நாமதான் ராணின்னு நினைச்சுட்டேன்.

பரீட்சைக்கு ரெண்டு நாள் முன்னாடி மாக், அதாவது மாதிரிப் பரீட்சை எழுதினேன் (ஜிஆர்இ நடத்தற ஈடிஎஸ் இலவசமாவே ரெண்டு ஆன்லைன் மாக் தர்றாங்க, அதைக் கடைசிக்கு வைக்காதீங்க, நான் வச்சேன்). ஒரு கோடிட்ட இடம், நாலு வாரமா மழை இல்லாட்டியும் விவசாயி நம்பிக்கையாத்தான் இருந்தார்ங்கற மாதிரி ஒரு வாக்கியம், ஆப்ஷன்ல சாங்குவின் இருக்கு. என் நோட்ல இருக்கற வார்த்தை அது. சாங்குவின், சங்கு. பளிச்னு ஞாபகம் வந்துச்சு. வந்து என்ன பண்றது, நான் எழுதும்போது நினைச்சது கோயில்ல ஊதற சங்கு, நல்லது நடக்கும்னு நம்பிக்கை. மாக்ல டைமர் ஓடும்போது மண்டைல கேட்டது எங்க தெருவுல பாடை போகும்போது ஊதற சங்கு. சாவு, சோகம், இது வராதுன்னு தள்ளிட்டு வேற ஒண்ணை டிக் பண்ணேன். தப்பு. சரியான விடை சாங்குவின்தான், நம்பிக்கையோட இருக்கறது. பக்கத்து வீட்டு வார்த்தை சாங்குயினரி வேற இருக்கு, அது ரத்தக்களரி. ரெண்டும் ரத்தம்ங்கற லத்தீன் வேர்ல இருந்து வந்ததுதான், உடம்புல நல்ல ரத்தம் ஓடறவன் உற்சாகமா இருப்பான்னு பழைய காலத்து வைத்தியத்துல நம்பியிருக்காங்க. இந்த ஒரு வரியைப் படிச்சிருந்தா சங்கே தேவைப்பட்டிருக்காது.

ரெண்டு நாள் கழிச்சு நிஜ பரீட்சைல இதே கதைதான் வரிசையா நடந்துச்சு. எந்தக் கேள்வின்னு சொல்ல மாட்டேன், வெளிய சொல்ல மாட்டோம்னு ஒத்துக்கிட்டுத்தான் உள்ள உக்கார்றோம். சத்தம் ஞாபகம் வருது, அர்த்தம் எந்தப் பக்கம்னு தெரியல. 143.

அழுது முடிச்சுட்டு உக்காந்து தேடினப்பதான் தெரிஞ்சுச்சு, இந்த முறைக்கு கீவேர்ட் மெத்தட்னு பேரே இருக்கு, 1975லயே அட்கின்சன், ராவ்னு ரெண்டு பேர் அமெரிக்கால மாணவர்களுக்கு ரஷ்ய வார்த்தை கத்துக்கொடுத்து சோதிச்சிருக்காங்க. அதுல படி ரெண்டு. ஒண்ணு, புது வார்த்தை மாதிரி ஒலிக்கிற தெரிஞ்ச வார்த்தையைப் பிடிக்கறது. ரெண்டு, அந்தத் தெரிஞ்ச வார்த்தையும் உண்மையான அர்த்தமும் முட்டிக்கிற மாதிரி மனசுல ஒரு காட்சி போடறது. நான் மொத படியோட நின்னுட்டு நோட்டை மூடியிருக்கேன், அதுவும் நாப்பது நாப்பதா.

அப்போ உதவிக்கு வந்தது எங்கம்மா. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ராத்திரி போன்ல புலம்பும்போது சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், ஆப்ட்யூரேட், பிடிவாதக்காரன்மா, எழுத்தைப் பார்த்தா ஒப்டுரேட்னு இருக்குன்னேன். "ஒப்பவே மாட்டான், உங்க சித்தப்பா மாதிரி"ன்னுச்சு. பாகப்பிரிவினைல அஞ்சு வருஷமா கையெழுத்து போடாம உக்காந்திருக்கற சித்தப்பா கண்ணு முன்னாடி வந்துட்டாரு. அந்த வார்த்தை இந்த ஜென்மத்துக்கு மறக்காது. அதுக்கப்புறம் தினமும் பத்து வார்த்தைதான், பத்தையும் அம்மாகிட்ட சொல்லுவேன். மாலிஃபைன்னா கோபத்தைத் தணிக்கறது, உடனே "அப்பா மல்லிப்பூ வாங்கிட்டு வருவாரே"ன்னு வெக்கப்படுது. வேசிலேட், அப்படியும் இப்படியும் மனசு ஆடறது, எழுத்தைப் பார்த்தா வாசிலேட்: பொண்ணு பாக்க வந்துட்டு வாசல்லயே நின்னு உள்ள போலாமா வேணாமான்னு லேட் பண்ணின மாப்பிள்ளை ஒருத்தர், எங்க பெரியம்மா பொண்ணுக்கு வந்தவர். மென்டேஷியஸ்னா பொய் பேசறது, மென்னு முழுங்கறான்ல அவன். சத்தம் மட்டும் இல்ல, ஆள் இருக்கு, இடம் இருக்கு, திட்டு இருக்கு. அர்த்தம் எந்தப் பக்கம்னு குழம்பவே முடியாது.

ஒரே ஒரு நாள் அம்மாகிட்ட வார்த்தை சொல்லல. லிஸ்ட்ல பரையான்னு வந்துச்சு, ஊரே ஒதுக்கி வச்சவன்னு அர்த்தம் போட்டிருந்தான். பறையர்ங்கற நம்ம தமிழ்ச் சொல்லுல இருந்து போனது, பறைங்கற வாத்தியத்தோட பேர். சுருட்டும் கட்டுமரமும் இங்கிலீஷுக்குப் போனது தெரியும், இது இப்படிப் போய் உக்காந்திருக்கறது தெரியாது. அதுக்கு எந்த நெமோனிக்கும் போடல.

சரி, எச்சரிக்கைக்கு வர்றேன். சில வார்த்தைங்க தானே ஒரு நெமோனிக் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு நிக்கும், நம்பிடாதீங்க. எனர்வேட்ல எனர்ஜி மாதிரி கேக்கும், அர்த்தம் தெம்பை உறிஞ்சறது. நாய்சம்ல நாய்ஸ் இல்ல, நாத்தம். ரெஸ்டிவ்ல ரெஸ்ட் இல்ல, நிலைகொள்ளாம தவிக்கறது. டிஸ்இன்ட்ரஸ்டட்னா ஆர்வம் இல்லாதவன்னு போட்டு மாக்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஜிஆர்இக்கு அது பாரபட்சம் இல்லாதவன். இந்த மாதிரி வார்த்தைங்களை நோட்ல சிவப்பு இங்க்ல தனிப் பக்கம் எழுதினேன், அந்த ஒரு பக்கம் எனக்கு மூணு கிலோ ஜெராக்ஸைவிட பிரயோஜனம். இதைவிட மோசம் நமக்குத் தெரிஞ்ச வார்த்தைங்க. செக்னா தடுத்து நிறுத்தறது, டெம்பர்னா மட்டுப்படுத்தறது, காலிஃபைன்னா சொன்னதுக்கு ஒரு நிபந்தனை போட்டு அடக்கி வாசிக்கறது, வான்டிங்னா போதாதது. தெரியும்னு நினைச்சுத் தாண்டிப்போனா அங்கதான் வழுக்கும்.

அப்புறம் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்னு ஒரு டைப் கேள்வி, ஒரு கோடிட்ட இடத்துக்கு ஒரே அர்த்தம் வர்ற மாதிரி ஆறு ஆப்ஷன்ல ரெண்டு எடுக்கணும், ரெண்டும் சரியா இருந்தாதான் மார்க், பாதிக்குப் பாதி கிடையாது. அதுக்கு ஒத்த வார்த்தையா படிச்சா வேலைக்கு ஆகாது, கூட்டமா படிக்கணும். லொக்வேஷியஸ், கேரலஸ், வோலபிள் மூணும் ஒரே திண்ணைல உக்காந்து லொடலொடன்னு பேசற ஆளுங்க, எதிர்த்திண்ணைல லக்கானிக்கும் டேசிடர்னும் வாயை மூடிக்கிட்டு. இப்படித் தெரு தெருவா பிரிச்சேன், மொத்தம் அறுபது தெரு வந்துச்சு.

ஃப்ளாஷ்கார்டு ஆப் பத்தி ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. மறக்கப்போற நேரமா பார்த்து திரும்பக் காட்டற ஆப், ஐடியா அருமை, படிச்சது எப்படி மறக்குதுன்னு 1885லயே எபிங்ஹாஸ்னு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி தன்மேலயே சோதிச்சு எழுதிட்டாரு. நான் பேராசைல தினமும் நூறு புது கார்டுன்னு செட் பண்ணேன். நாலு நாள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிட்டு வந்து திறந்தா 1,140 கார்டு வரிசைல நிக்குது, ஆப்பை மூடிட்டு படுத்துட்டேன். அது பரவால்ல. புது போன் மாத்தினப்ப சர்வர்ல இருக்கறதா போன்ல இருக்கறதா எதை வச்சுக்கணும்னு கேட்டுச்சு, தூக்கக் கலக்கத்துல தப்பான பட்டனை அமுக்கி மூணு வாரம் நானே போட்ட கார்டு மொத்தமும் போச்சு. என் தப்புதான். பேக்கப் எடுத்து மெயில்ல போட்டு வைங்க. அப்புறம் பத்து புது கார்டுக்குக் குறைச்சேன், நோட்டுதான் காப்பாத்துச்சு.

ரெண்டாவது பரீட்சைக்கு 21 நாள் இடைவெளி போதும்னு ரூல், நான் மூணு மாசம் எடுத்துக்கிட்டேன். பாஸ்போர்ட்ல இனிஷியல் எப்படி விரிச்சு எழுதியிருக்கோ அப்படியே ரெஜிஸ்டர் பண்ணுங்க, என்கூட வரிசைல நின்ன பையன் அதுக்காகவே அரை மணி நேரம் கெஞ்சிக்கிட்டு இருந்தான். உள்ள போனா 41 நிமிஷத்துல 27 வெர்பல் கேள்வி, சித்தப்பாவை நினைச்சு சிரிக்க நேரம் இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. 155 பார்த்துட்டு பையை மறக்காம எடுத்துக்கிட்டு வெளிய வந்து அம்மாவுக்குத்தான் மொத போன், "அவ்வளவுதானா, நூத்துக்கு மேலயா போடுவாங்க"ன்னு கேட்டுச்சு.

நான் போட்ட நெமோனிக் லிஸ்ட்டை அனுப்புங்கன்னு நிறைய பேர் கேக்கறீங்க, அனுப்பறதுல ஒண்ணும் இல்ல, ஆனா அதுல பாதி எங்க சொந்தக்காரங்க, மானம் போயிடும். உங்க சித்தப்பாவை நீங்களே தேடிக்கோங்க. வீனலும் வீனியலும் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல, ஒண்ணு லஞ்சம் வாங்கறவன், இன்னொண்ணு மன்னிச்சு விடற மாதிரி சின்னத் தப்பு, அம்மாவே கைவிரிச்சிருச்சு. யாருக்காச்சும் தமிழ்ல ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க.