மீன் செதிலும் நீல டிரம்மும்

எங்க ஏரியா பிள்ளைங்களுக்குக் குப்பையைப் பத்திப் பாடம் எடுக்கிறது, காசிமேட்டுப் பையனுக்குக் கடலைக் காட்டுற மாதிரி. வடசென்னையில இருக்கிற கொடுங்கையூர் குப்பை மேடு சுமார் 340 ஏக்கர். காத்து இந்தப் பக்கம் திரும்பினா வீட்டுக்குள்ள உட்கார்ந்தே தெரிஞ்சுடும்.

நான் முத்தமிழ் நகர்ல டியூஷன் எடுக்கிறவ. மேடு ஏன் எரியுதுன்னு கேட்டா, எல்லாரும் பிளாஸ்டிக்கைத்தான் சொல்வாங்க. ரெண்டு பாட்டில்ல காய்கறித் தோலைப் போட்டேன். ஒண்ணை இறுக்கி மூடினேன். இன்னொண்ணுல காஞ்ச இலையைக் கலந்து திறந்தே வச்சேன். சில நாள் கழிச்சு மூடினதைத் திறந்தா புஸ்ஸுன்னு ஒரு காத்து, அப்புறம் ஒரு நாத்தம்! வகுப்பே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிச்சு. திறந்து வச்சதுல மழை பேஞ்ச மண் வாசம்தான். காத்துப் படாம அழுகினா மீத்தேன் வரும், மேட்டுக்குள்ள பத்திக்கிறது அதுதான், அங்க அடியில கிடக்கிறதுல நம்ம வீட்டு மிச்சச் சோறும் உண்டுன்னு சொன்னேன்.

ஏழாவது படிக்கிற ஒருத்தன் கேட்டான்: "மிஸ், நாம பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?"

சில நாள் அப்படித்தான் நடக்குது, நானே பாத்திருக்கேன். மக்குறது, மக்காதது, பல்பு மாதிரி ஆபத்தானது, மூணையும் வீட்டுலயே பிரிக்கணும்னு 2016-ல வந்த திடக்கழிவு விதியே சொல்லிச்சு. வண்டியில ஒண்ணாப் போனா அந்த விதிக்கு என்ன மரியாதை? ஈரக் குப்பை காம்பவுண்டைத் தாண்டாம இருந்தா, கலக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காதுன்னு தோணிச்சு.

அப்படித்தான் ஈரக் குப்பையை மக்க வச்சு உரமாக்க, வீட்டுப் பின்பக்கம் நீல டிரம் வந்துச்சு. கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, செங்கல் மேல தூக்கி வச்சோம். நம்ம ஊர்ல பெரிய சிக்கல் மீன். ஞாயித்துக்கிழமை செதிலும் குடலும் விழுந்தா திங்கக்கிழமை புழு நெளியும். "இன்னாம்மா இது, கொடுங்கையூரை இங்கியே கொண்டாந்துட்டியா?"ன்னு வீட்டுக்கார ஆயா சத்தம் போட்டுச்சு. இப்போ மீன் கழிவைக் கொஞ்சமா நடுவுல புதைச்சு, மேல தேங்கா நார்த்தூள், காஞ்ச இலைன்னு கனமா மூடுறோம். ஈ குறைஞ்சிருக்கு, முழுசா போகல.

யார் கிளறுறது? முறை எழுதிச் சுவத்துல ஒட்டினோம். பேப்பர்தான் மிஞ்சிச்சு. அப்புறம் பால் கவர், அட்டை, பாட்டில் எல்லாம் சேர்த்துக் காயலான் கடையில போடுற காசு, டிரம்மைக் கிளறுறவங்களுக்குன்னு சொன்னோம். இப்போ அதுக்குப் பசங்களுக்குள்ள போட்டி. பால் கவரை அலசிக் கொடியில கிளிப் போட்டுக் காய வைக்கிறாங்க. கெஞ்சியா வாங்கியிருக்க முடியும்?

முதல் உரம் சலிச்சாச்சு. இடம் தன்னோடது, உரமும் தன்னோடதுன்னு வீட்டு ஓனர் நிக்கிறார், மாடியில ரோஜாத் தொட்டி வச்சிருக்கார். பாதி அவருக்கு, மீதி குடித்தனக்காரங்களுக்குன்னு பேசிப் பாத்தோம். மனுஷன் இன்னும் பிடி கொடுக்கல.